ஒரு திடலும் ஐந்து பல்கலைக்கழகங்களும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போனவர்கள் எங்கள் ஊரைக் கடந்திருப்பார்கள், இறங்கியிருக்க வாய்ப்பில்லை. ரயில்வே கேட் மூடிக்கிடந்த வேளைகளில் மட்டும், வேறு வழியின்றி, சன்னல் வழியே கண்டமங்கலத்தைச் சிறிது நேரம் பார்த்திருக்கக்கூடும். அவர்களில் எத்தனை பேர் அந்தச் சாலையின் விசித்திரத்தைக் கவனித்திருப்பார்களோ தெரியவில்லை. வளவனூரைத் தாண்டி மதகடிப்பட்டை எட்டினால் தமிழ்நாடு முடிந்து புதுவை ஆட்சிப்பகுதி தொடங்கிவிடுகிறது. திருவாண்டார்கோயிலும் திருபுவனையும் புதுவையைச் சேர்ந்தவை. அடுத்து வரும் கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு. அதற்கடுத்த அரியூர் மறுபடி புதுவை. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டு ஆண்டதன் தழும்பு இது. 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அந்தக் கைமாற்றம் சட்டப்படி நிறைவுற்றது. கோடுகள் மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கின்றன. எங்கள் மாவட்டத் தலைநகருக்குப் போக நாங்கள் இன்றும் வேறோர் ஆட்சிப்பகுதியைக் கடந்துதான் போகிறோம்.

சில கோடுகள் கிடந்த இடத்தில் கிடக்க, வேறு சில எங்கள் தலைக்கு மேல் நகர்ந்துகொண்டே இருந்தன. கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காட்டில் பிறந்த நாங்கள் 1993இல் விழுப்புரம் மாவட்டத்தவர் ஆனோம். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கியிருந்த சட்டமன்றத் தொகுதி 2006 தேர்தலைக் கடைசியாகக் கண்டது. மறுசீரமைப்பில் அப்பெயரே இல்லாமற்போயிற்று. இவற்றைப் பற்றி எழுத ஆட்கள் உண்டு. நாங்கள் எழுத விரும்புவது எவரும் அதிகம் பொருட்படுத்தாத மற்றொரு கோட்டைப் பற்றி. எந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் விளையாடும் என்பதைத் தீர்மானிக்கும் கோடு அது.

'நாங்கள்' யார் என்று சொல்லிவிடுவது முறை. ஊருக்கு மேற்கே, இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவில் வலை கட்டி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக மாலைதோறும் வாலிபால் ஆடிவருகிற கூட்டம். எங்களில் அறுபத்தைந்து வயதுக்காரர் உண்டு; பத்தொன்பது வயதுக்காரியும் உண்டு. எழுதுவது ஒரு கை என்றாலும் சொன்ன வாய்கள் பல. எனவே 'நாங்கள்'.

சென்ற பொங்கல் போட்டிக்கு வலை எடுக்கத் தகரப்பெட்டியைத் திறந்தபோது, அடியில் பழைய ஆட்டச் சட்டைகள் மடித்துக் கிடந்தன. ஒன்றில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று எழுதியிருந்தது. எழுத்துகள் பாதி உதிர்ந்திருந்தன. இன்னொன்றில் புதுவைப் பல்கலைக்கழகம். அடுத்ததில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். மேலே கிடந்த புதியதில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அனைத்தும் இதே மண்ணில் புரண்டவர்களின் சட்டைகள். சின்னப் பையன் ஒருவன் கேட்டான்: "ஏண்ணா, நம்ம ஊரு எந்த யுனிவர்சிட்டி?" எங்களில் ஆளுக்கொரு பதில் சொன்னோம். அவரவர் காலத்துக்கு அவரவர் பதில் சரிதான்.

*

இதன் கணக்கு எளிமையானது. ஆனால் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் மற்ற எதுவும் விளங்காது.

இந்தியாவில் கல்லூரி விளையாட்டின் அலகு கல்லூரி அன்று, பல்கலைக்கழகம். 1925இல் பல்கலைக்கழகங்களுக்கான பொது வாரியம் ஒன்று உருவாயிற்று. 1973இல் அது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் எனப் பெயர் மாறிற்று. கிரிக்கெட்டில் ரோஹிண்டன் பாரியா கோப்பைக்காக 1935 முதலே பல்கலைக்கழகங்கள் தம்முள் மோதத் தொடங்கிவிட்டன. பின்னர் ஒவ்வோர் ஆட்டமாகச் சேர்ந்தது. நாடு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலமாகப் பகுக்கப்பட்டு, மண்டலத்தில் முன்னேறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகின்றன. நாங்கள் தென்மண்டலம். கேரளமும் கர்நாடகமும் ஆந்திரமும் அதில் எங்களோடு உண்டு.

அந்த மண்டலத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஓர் அணிதான். அதன் கீழே பத்துக் கல்லூரி இருந்தாலும் நூறு கல்லூரி இருந்தாலும், வாலிபாலில் பன்னிரண்டு பேர்தான். கல்லூரிகள் தம்முள் ஆடி, அதில் தேறியவர்களை அழைத்து, வடிகட்டி, அந்தப் பன்னிரண்டு பெயர்கள் எழுதப்படும். அப்பட்டியலில் இடம்பெற்றுப் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவனுக்குக் கிடைக்கும் சான்றிதழ்தான், மைய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு விதிகள் மூன்றாம் படிவம் என்று குறிப்பிடுவது. நாட்டுக்காக ஆடியவனுக்கு முதற்படிவம். மாநிலத்துக்காக ஆடியவனுக்கு இரண்டாவது. இந்தத் தாள்களைக் கையில் வைத்திருப்பவன் ரயில்வேயில், காவல்துறையில், அரசு அலுவலகங்களில் விளையாட்டு வீரனுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். விளையாட்டை விளையாட்டாக மட்டும் பார்க்கிற வசதி எங்கள் வீடுகளில் இருந்ததில்லை. "பந்தடிச்சா சோறு வருமா" என்று கேட்ட தாய்மார்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியதாக இருந்த ஒரே பதில் அந்தத் தாள்.

ஆக, பல்கலைக்கழகத்தின் எல்லையை எங்கே வரைகிறார்கள் என்பது, யார் யாரோடு போட்டியிட்டுப் பன்னிரண்டுக்குள் வரவேண்டும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. வரைபவர்கள் பாடத்திட்டத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் நிர்வாக வசதியையும் எண்ணிப் பார்த்திருப்பார்கள். பன்னிரண்டை எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

*

1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் ஒருகாலத்தில் ஏறக்குறைய தென்னாடு முழுவதற்கும் ஒரே பல்கலைக்கழகம். 1916இல் மைசூரும் 1918இல் உஸ்மானியாவும் 1926இல் ஆந்திராவும் 1937இல் திருவிதாங்கூரும் தத்தம் பல்கலைக்கழகங்களைக் கண்டன. 1966இல் மதுரை பிரிந்தது. 1982இல் திருச்சியில் பாரதிதாசனும் கோவையில் பாரதியாரும். பாகப்பிரிவினை செய்துகொண்டு பிள்ளைகள் ஒவ்வொருவராய்த் தனிக்குடித்தனம் போன பிறகும், பெரிய வீட்டின் வடக்குத் தாழ்வாரத்தில் தென்னார்க்காட்டுக் கல்லூரிகள் ஒண்டிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் எங்கள் மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், 1929 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வளாகத்துக்குள்ளேயே தங்கிப் படிக்கும் முறையில் அமைந்தது. வெளிக் கல்லூரிகளை இணைத்துக்கொள்வதில்லை. அருகில் இருந்த வீட்டு வாசலைத் தாண்டித் தொலைவில் இருந்த வீட்டுக்கு விருந்துண்ணப் போனோம்.

எங்களில் மூத்தவர் 1970களின் இறுதியில் விழுப்புரம் அரசு கலைக்கல்லூரியில் படித்தவர். அப்போது புதுவையின் தாகூர் கலைக்கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு சாலையில் இருந்தது; ஆட்டக்களத்தில் இல்லை. அவர் சொல்வார்: "போறப்ப ஒரே பஸ்ல போவோம். கோர்ட்ல எதிர் எதிரா நிப்போம். திரும்பறப்ப மறுபடி ஒரே பஸ்சு. திருபுவனை வந்தா அவன் எறங்கிக்குவான், கண்டமங்கலம் வந்தா நான் எறங்கிக்குவேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

1985இல் புதுவைக்கு மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. காலாப்பட்டில் கடலையொட்டி வளாகம் எழுந்தது. புதுவைக் கல்லூரிகள் அதன் கீழ்ச் சென்றன. அந்தமானும் இலட்சத்தீவும்கூட அதன் எல்லைக்குள் வந்தன. அதன்பின் திருபுவனையில் படுத்துறங்கும் ஒருவன், கடல் கடந்து போர்ட் பிளேரில் இருந்து வந்தவனோடு ஒரே அணியில் ஆடலாம். சைக்கிள் மிதித்தால் கால் மணி நேரத்தில் எட்டிவிடும் கண்டமங்கலத்துக்காரனோடு ஆட முடியாது. இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. புதுவைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது, வந்தது நல்லதே. அது எங்கள் திடலில் என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

*

1990களின் நடுவில் எங்கள் திடலில் இருவர் ஆடினார்கள். ஒருவர் ரயில்வே கேட்டை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர்; ஊர் அவரைக் கேட்டண்ணன் என்றே அழைக்கும். மற்றவர் திருபுவனையிலிருந்து சைக்கிளில் வருகிற அவருடைய கூட்டாளி. கூட்டாளி பந்தைத் தூக்கிக் கொடுப்பார். கேட்டண்ணன் எழும்பி அடிப்பார். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடக்கும் போட்டிகளில் அந்த இருவரைப் பார்க்கவே கூட்டம் வரும். இருவரில் யார் சிறந்தவர் என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், கூட்டாளியே கேட்டண்ணனைத்தான் காட்டியிருப்பார்.

இருவரும் ஒரே ஆண்டு கல்லூரி சேர்ந்தார்கள். கேட்டண்ணன் மேற்கே விழுப்புரம். கூட்டாளி கிழக்கே புதுச்சேரி. இருவருக்கும் தூரம் பெரிதாக வேறுபடவில்லை. ஆனால் ஒருவர் ஏறிய பேருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும், மற்றவர் ஏறிய பேருந்து புதுவைப் பல்கலைக்கழகத்துக்கும் போயிற்று.

சென்னைப் பல்கலைக்கழக அணி என்றால் அந்நாளில் என்ன பொருள் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். நகரத்துப் பெருங்கல்லூரிகள் மாநிலமெங்கும் இருந்து ஆட்டக்காரர்களைத் திரட்டி, விடுதியில் தங்கவைத்துப் பயிற்றும். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர்கள், மாநிலத்துக்காக ஆடியவர்கள், கோடைமுழுதும் பயிற்சியாளரின் கண்பார்வையில் இருந்தவர்கள். அவர்களுக்கு எதிரே, மண் தரையில் வெறுங்காலோடு ஆடிப் பழகி, கல்லூரி கொடுத்த கேன்வாஸ் காலணியைப் போட்டியன்று முதன்முதலாக அணிந்த எங்கள் ஊர்க்காரர்.

கேட்டண்ணனின் கல்லூரி அணி ஒருமுறை சென்னையில் அப்படியொரு நகரத்து அணியை எதிர்கொண்டது. அன்று சர்வீஸ் கையில் இருந்தால்தான் புள்ளி. பதினைந்துக்கு ஒரு செட். புள்ளி ஏறாமலே சர்வீஸ் மட்டும் கைமாறிக் கைமாறிப் பொழுது போகும். ஐந்து செட் நீண்டது அந்த ஆட்டம். தோற்றார்கள். ஆனால் கேட்டண்ணனைத் தேர்வு முகாமுக்கு அழைத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து அதுவரை எவரும் அங்கே அழைக்கப்பட்டதில்லை. இரண்டு நாள் ஆடினார். பன்னிரண்டு பெயர்களில் அவர் பெயர் இல்லை. தேர்வில் சூது ஏதும் நடக்கவில்லை என்பதை அவரே அழுத்திச் சொல்வார்: "என்னவிட நல்லா ஆடனவங்க பதிமூணு பேராவது இருந்தாங்கடா. எண்ணிப் பாத்தேன்."

அதே பருவத்தில் கூட்டாளி புதுவைப் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானார். அங்கே கல்லூரிகள் குறைவு. போட்டியும் அதற்கேற்பக் குறைவு. தென்மண்டலத்துக்குப் போனார். அடுத்த ஆண்டும் போனார். அந்தத் தாள்களின் பலத்தில் மைய அரசு அலுவலகம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. இன்று வெளியூரில் இருக்கிறார். பொங்கலுக்குத் தவறாமல் வருவார். கேட்டண்ணன் பஞ்சர் கடை வைத்தார். இப்போதும் அந்தக் கடைதான்.

இந்தக் கதையை நாங்கள் இருபது ஆண்டுகளாக ஒரே விதமாகச் சொல்லிவந்தோம்: மூன்று கிலோமீட்டர் மேற்கே பிறந்திருந்தால் கேட்டண்ணனுக்கு வேலை, கிழக்கே பிறந்ததால் பஞ்சர் கடை. கோடு செய்த அநியாயம். கேட்டவர்களும் தலையாட்டினார்கள்.

*

2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியது. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கல்லூரிகள் சென்னையிலிருந்து பிரிந்து அதன் கீழ் வந்தன. விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போவதும் வேலூருக்குப் போவதும் தொலைவில் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சென்னைக்கு இருந்த பெருஞ்சாலை இங்கில்லை. திருவண்ணாமலை, போளூர், கண்ணமங்கலம் என்று குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேரவேண்டும். முதலில் எங்களுக்குக் கசப்பாகத்தான் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் என்று சொல்லும்போது நெஞ்சு சற்று நிமிரும். புதிய பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் "அது எங்க இருக்கு?" என்று கேட்டார்.

ஆனால் பன்னிரண்டின் கணக்கு மாறிவிட்டது. நகரத்துப் பெருங்கல்லூரிகள் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டன. மிஞ்சியவை எங்களைப் போன்ற அரசுக் கல்லூரிகளும் மாவட்டத்துத் தனியார் கல்லூரிகளும். அடுத்த சில ஆண்டுகளில் கேட்டண்ணனின் அக்கா மகன் பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்தான். மாமனைவிட உயரம் குறைவு, எழும்பலும் குறைவு. இதை மாமனே சொல்வார். அவன் இப்போது காவல்துறையில் இருக்கிறான். அவனோடு சேர்த்து எங்கள் திடலில் மூவர் அந்தச் சட்டையை அணிந்தார்கள். மூன்று வீடுகளில் கூரை போய் ஒட்டுக்கட்டடம் வந்தது.

மருமகன் தென்மண்டலத்தில் ஆடிய முதல் ஆட்டத்தைப் பார்க்கக் கேட்டண்ணன் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். எதிரே கேரளத்து அணி. விதி மாறி, சர்வீஸ் யார் கையில் இருந்தாலும் புள்ளி என்று ஆகிவிட்ட காலம். இருபத்தைந்துக்கு ஒரு செட். முழு ஆட்டமும் ஒரு மணி நேரம்கூட நீளவில்லை. திரும்பி வந்தவர் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னார்: "பையனுக்கு வேல கெடைக்கும். நல்லது. ஆனா அவனுக்கு முன்னாடி யாரும் அவன இந்த மாதிரி அடிச்சதில்லடா. எனக்கு ரெண்டாவது வருஷமே அடிச்சாங்க. அதான் நான் கத்துக்கிட்டேன்."

நாங்கள் இருபது ஆண்டுகளாகச் சொன்ன கதையில் இந்தப் பக்கம் இல்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் வாசல் குறுகலானது. உள்ளே நுழைய முடியாதவனுக்கும் வாசலில் நின்றபடியே பெரிய ஆட்டம் ஒன்று வாய்த்தது. சிறிய பல்கலைக்கழகத்தில் வாசல் அகன்றது. உள்ளே போனவனுக்குத் தாள் கிடைத்தது, ஆட்டம் தேயத் தொடங்கியது. எது வேண்டும் என்று எங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? தாள் என்றுதான் சொல்லியிருப்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இழந்தது எது என்றாவது தெரிந்திருக்கும்.

இதற்கிடையே இன்னொரு வகை எல்லையும் எழுந்தது. 2001இல் வேலூர் வி.ஐ.டி.யும் 2002இல் சென்னைப் புறநகரின் எஸ்.ஆர்.எம்.மும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றன. வேறு பலவும் தொடர்ந்தன. ஒரு கல்லூரியாக இருந்தது ஒரு பல்கலைக்கழகமாக ஆகும்போது, தென்மண்டலத்தில் அதற்கும் தனியாக ஓர் அணி. நான்கு மாவட்டக் கல்லூரிகள் சேர்ந்து அனுப்பும் அணியும், ஒரே நிறுவனம் அனுப்பும் அணியும் ஒரே அட்டவணையில் நேருக்கு நேர். எஸ்.ஆர்.எம். வாலிபாலில் வலுவான அணியாக எழுந்து நின்றது. உயரமான பையன் ஒருவன் எங்கள் பக்கம் தென்பட்டால், கட்டணமின்றிப் படிப்பும் விடுதியும் தருகிற இடங்களை நோக்கி அவன் போய்விடுவான். போகாதே என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

*

2023 ஆகஸ்டில், எங்களோடு ஆடிப் பின்னர் அமெரிக்காவில் குடியேறிவிட்ட ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் துக்கம். அங்கே கல்லூரிகள் தம்முள் ஆட வட்டாரக் கூட்டமைப்புகளாகச் சேர்ந்திருக்கின்றன. பசிபிக் கரையோரப் பல்கலைக்கழகங்கள் 1915 முதல் ஒரு கூட்டாக இருந்தன. பின்னாளில் அதன் பெயர் பேக்-12. அந்தக் கோடையில் அது சிதறியது. லாஸ் ஏஞ்சலிசின் இரு பெரும் பல்கலைக்கழகங்கள் 2022லேயே விலகுவதாக அறிவித்துவிட்டன. ஆரெகனும் வாஷிங்டனும் பின்தொடர்ந்தன. சேர்ந்த இடம் பிக் டென்; நாட்டின் நடுப்பகுதியில் 1896இல் தோன்றிய கூட்டு. பெயரில்தான் பத்து, 2024இல் உறுப்பினர் பதினெட்டு. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்போர்டு, அட்லாண்டிக் கரையின் பெயர் தாங்கிய கூட்டில் சேர்ந்தது. பழைய கூட்டில் 2024இல் எஞ்சியவை இரண்டே.

காரணம் தொலைக்காட்சி. பிக் டென் 2022இல் செய்துகொண்ட ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு எழுநூறு கோடி டாலருக்கும் மேல். பணம் அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்காக வருகிறது. ஆனால் அதே கூட்டில் வாலிபால் பெண்களும் ஆடவேண்டும். லாஸ் ஏஞ்சலிசிலிருந்து நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் வரை ஏறத்தாழ நாலாயிரம் கிலோமீட்டர் பறந்து, ஆடி, திரும்பி வந்து வகுப்பில் உட்கார வேண்டும். வாலிபாலுக்கு அங்கே ஆதரவு இல்லாமலும் இல்லை: அதே மாதம் 30ஆம் தேதி நெப்ராஸ்காவில் பெண்கள் வாலிபால் ஆட்டம் ஒன்றைப் பார்க்க 92,003 பேர் திரண்டார்கள் என்று அவரே சொன்னார். எங்கள் பொங்கல் போட்டிக்கு ஐந்நூறு பேர் வந்தாலே நாங்கள் கயிறு கட்டுவோம்.

அவர் வருந்திச் சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் நாங்கள் சிரித்துவிட்டோம். பிறகு எங்கள் கதையைச் சொன்னோம். அங்கே பல்கலைக்கழகங்களே பேரம் பேசி அணிமாறுகின்றன; இங்கே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறினால் கல்லூரி அணிமாறிவிடுகிறது. அங்கே பணம்; இங்கே அரசியலும் நிர்வாகமும். இரண்டு இடத்திலும் ஆடுகிற பிள்ளைகளை எவரும் கேட்பதில்லை. அதைச் சொன்னதும் இரு பக்கமும் சற்று நேரம் பேச்சில்லை.

*

2021இல் நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம்; அது நடந்ததும் விரைவாகத்தான். அவ்வாண்டு தொடக்கத்தில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஜெயலலிதா பெயரில் பல்கலைக்கழகம் ஒன்று சட்டமாயிற்று. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அதற்குரியவை. வாழ்நாளில் முதன்முறையாக எங்கள் பல்கலைக்கழகம் எங்களுக்குப் பக்கத்து ஊரில் என்று மகிழ்ந்தோம். மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் இறுதியில், அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்க்கட்சியினர் எதிர்த்துப் போராடினார்கள். 1929 முதல் வெளிக் கல்லூரிகளுக்குக் கதவு திறக்காதிருந்த சிதம்பரம், 2013இல் அரசின் கைக்கு வந்திருந்த நிலையில், இப்போது எங்களுக்குத் தாய்வீடாயிற்று. இடையில் மறைந்த பல்கலைக்கழகத்தின் பெயர் எழுதிய சட்டை எங்கள் பெட்டியில் இல்லை. தைக்கும் முன்பே அதன் காலம் முடிந்துவிட்டது.

அந்த ஆண்டுகளில் கல்லூரியில் இருந்த எங்கள் பையன் ஒருவனை மட்டும் குறிப்பிட வேண்டும். நல்ல செட்டர். திருவள்ளுவர் பெயரில் சேர்ந்தான். பெருந்தொற்றில் மைதானங்கள் மூடிக்கிடந்தன. திறந்தபோது பெயர்கள் மாறியிருந்தன. எந்தத் தேர்வுக்குப் போவது, யாரிடம் கேட்பது என்று அவன் எங்களிடம் வந்தான். நாங்கள் கேட்டுச் சொல்வதற்குள் மூன்று ஆண்டுகள் தீர்ந்துவிட்டன. அவன்மேலும் பிழையில்லை, வேறெவர்மேலும் பழி சொல்ல எங்களிடம் சான்றில்லை. இப்போது திருபுவனைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் இல்லாத நாட்களில் திடலுக்கு வருகிறான். அவன் பந்தைத் தூக்கும்போது பழைய ஆட்கள் கூட்டாளியை நினைத்துக்கொள்கிறார்கள்.

*

பெட்டியில் கிடந்த சென்னைப் பல்கலைக்கழகச் சட்டைக்கு வருவோம். எங்கள் ஊரில் எவரும் அந்த அணியில் ஆடியதில்லை என்று சொன்னோம்; பின் சட்டை எப்படி வந்தது? கேட்டண்ணனிடம் கேட்டோம். தேர்வு முகாமின் இரண்டாம் நாள் மாலை, பட்டியல் ஒட்டிய பிறகு, முன்னாண்டே அணியில் ஆடியிருந்த ஒருவர் தம் பையைத் திறந்து தம்முடைய பழைய சட்டையை எடுத்துக் கொடுத்தாராம். ஐந்து செட் ஆட்டத்தில் வலைக்கு எதிர்ப்பக்கம் நின்று கேட்டண்ணனைத் தடுத்தவர் அவர். "அவரு பேரு கூடக் கேட்டு வச்சிக்கல" என்றார். இத்தனை ஆண்டு அதை எவரிடமும் காட்டாததற்குக் காரணம் கேட்டோம். "நான் ஆடி வாங்குன சட்டயா அது? போட்டுக்கிட்டுத் திரியறதுக்கு." சற்றுப் பொறுத்து, "ஆடித்தான் வாங்குனேன்" என்றும் சொன்னார்.

இப்போது எங்கள் திடலில் பெண்களும் ஆடுகிறார்கள். விழுப்புரத்தில் மகளிர் கல்லூரியில் படிக்கும் பத்தொன்பது வயதுக்காரி ஒருத்தி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தேர்வுக்காகச் சிதம்பரம் போகிறாள். முந்தின நாள் மாலை, காலையில் எட்டு மணிக்குள் அங்கிருக்க எந்த வழியாகப் போவது என்று திடலில் பெரிய விவாதம். விழுப்புரம் போய் ரயில் என்றார் ஒருவர். புதுச்சேரி போய்க் கடலூர் பேருந்து என்றார் இன்னொருவர். எந்தப் பக்கம் கிளம்பினாலும் முதலில் புதுவையைத்தான் மிதிக்க வேண்டும் என்று மூத்தவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம்.

அவள் சிரிக்கவில்லை. "அங்க கேம்பஸ்லயே தங்கி ஆடறவங்கல்லாம் வருவாங்களாம்ணா. ரொம்ப ஹைட்டா இருப்பாங்களாம்" என்றாள். கேட்டண்ணன் கம்பத்தில் வலையின் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். ஆண்கள் ஆடும் உயரத்துக்கு வலை ஏறிற்று.

"நல்லது. வந்து நில்லு" என்றார். இருட்டும்வரை அவளுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தார்.